ஹார்ட்ஃபர்ட் கூரை: தாளில் 15 அடி, எஃகில் 30 அடி

1978 ஜனவரி 18, அதிகாலை 4 மணி தாண்டியிருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபர்டில், சிவிக் சென்டர் விளையாட்டரங்கின் கூரை மொத்தமாக இடிந்து இருக்கைகள் மேல் விழுந்தது. சுமார் 1,400 டன் எடையுள்ள அமைப்பு, 83 அடி உயரத்திலிருந்து வந்தது. முந்தைய இரவுதான் அங்கே கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து ஆட்டம் நடந்திருந்தது. பார்க்க வந்த சுமார் 5,000 பேர் வீடு போய்ச் சேர்ந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. அரங்கில் யாரும் இல்லை, ஒருவருக்கும் காயமில்லை.

அந்த இரவு பெய்த பனி அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பெரியது. அதனால் எல்லோரும் முதலில் பனியைத்தான் கைகாட்டினார்கள். ஆனால் ஐந்தாண்டில் ஒருமுறை வரும் பனியைத் தாங்காத கூரை எந்த விதிநூலின்படியும் தேறாது. நகராட்சி அமைத்த விசாரணைக் குழு, லெவ் செட்லின் என்ற பொறியியல் நிறுவனத்தைக் காரணம் கண்டறியப் பணித்தது. அவர்கள் தந்த விடையின் மையத்தில் இருந்தது, எஃகுக் கட்டுமானம் படிக்கும் மாணவர் முதல் பருவத்திலேயே சந்திக்கும் ஒரு வகுத்தல் கணக்கு: உறுப்பின் பயன்படு நீளத்தை (பிடிமானங்களுக்கு இடையே வளையக்கூடிய நீளம்) அதன் சுழற்சி ஆரத்தால் (வெட்டுமுகம் மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) வகுத்தால் வரும் ஸ்லெண்டர்னஸ் ரேஷியோ, அதாவது மெலிவு விகிதம்.

எஃகுத் தூண் வடிவமைப்பில் மெலிவு வரம்பு என்று 180, 200 என்ற எண்களை மனப்பாடம் செய்கிறோம். மென்பொருள் அந்த எண்ணைத் தாண்டினால் சிவப்பு காட்டுகிறது, தாண்டாவிட்டால் பச்சை. ஹார்ட்ஃபர்ட் கூரையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதற்குக் காரணம், அந்தப் பச்சை நிறத்துக்குள் எவ்வளவு பெரிய பொய் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்வு எனக்குத் தெரியாது என்பதுதான்.

கூரையின் அமைப்பு

தரையளவில் 300 அடிக்கு 360 அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 91 மீட்டருக்கு 110 மீட்டர். இரண்டு அடுக்குகள் கொண்ட ஸ்பேஸ் ஃபிரேம், அதாவது முப்பரிமாணமாகப் பின்னிய எஃகுச் சட்டகம். மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் 30 அடிச் சதுரக் கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே 21 அடி ஆழம். உறுப்புகள் சந்திக்கும் புள்ளிகளான மேல் கணுக்களையும் கீழ்க் கணுக்களையும் இணைத்தவை ஏறக்குறைய 30 அடி நீள மூலைவிட்ட உறுப்புகள். அந்த மூலைவிட்டங்களை அவற்றின் பாதியில் பிடிக்க, இடையில் கிடையாக இன்னொரு கம்பி வரிசை. மேல் அடுக்கின் 30 அடி உறுப்புகளையும் பாதியில் பிடிப்பதற்கென்று துணை மூலைவிட்டங்கள். மொத்தக் கூரையையும் தாங்கியவை நான்கே நான்கு பெரிய தூண்கள். அவையும் ஓரத்தில் இல்லாமல், விளிம்பிலிருந்து 45 அடி உள்ளே தள்ளி நின்றன.

இதில் மூன்று தேர்வுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மேல் உறுப்புகள் குழாயோ, 'I' வடிவ வெட்டுமுகம் கொண்ட ஐ-வெட்டோ அல்ல. 'L' வடிவ எஃகு உறுப்புகளான ஆங்கிள்கள் நான்கை முதுகோடு முதுகாக வைத்து, நடுவே இடைத்தகடுகள் கொடுத்துச் சேர்த்த சிலுவை வடிவம். இரண்டாவது, கூரைத் தகடுகள் மேல் அடுக்கின் மீது நேரடியாக உட்காரவில்லை. கணுக்களில் குட்டைத் தூண்கள் நட்டு, அவற்றின் மேல்தான் கூரை தங்கியது. நீர் வடிவதற்கான சரிவை எளிதாகக் கொடுக்கலாம், மேல் உறுப்புகளில் வளைவு விசை வராமலும் தவிர்க்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் வழக்கமாகக் கூரைத் தளமே மேல் உறுப்புகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் உதவி இதனால் முழுக்கப் போயிற்று. மூன்றாவது, மேல் உறுப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளியும் மூலைவிட்டங்கள் வந்து சேரும் புள்ளியும் ஒன்றாக இல்லை. மூலைவிட்டங்கள் சற்றுக் கீழே இணைந்தன.

வடிவமைப்பு அன்றைய நிலையில் புதுமையான கணினிப் பகுப்பாய்வை நம்பிச் செய்யப்பட்டது. அதனால் எஃகுச் செலவில் 5 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று வடிவமைப்பாளர்கள் நகராட்சிக்குச் சொல்லியிருந்தார்கள்.

நீளம் இரண்டு மடங்கானால்

கணிதவியலாளர் லியோன்ஹார்ட் ஆய்லர் 1744-இலேயே காட்டிவிட்ட உறவு இது: நீண்ட, நேரான அழுத்த உறுப்பு பக்கவாட்டில் பிதுங்கி வளையும் சுமை, நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். இந்த வளைவுதான் பக்கிளிங். தகைவாக, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வரும் விசையாக எழுதினால், பை (π) என்ற மாறிலியின் வர்க்கத்தை எஃகின் மீட்சிக் குணகத்தால் பெருக்கி, மெலிவு விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மீட்சிக் குணகம் 2,00,000 நியூட்டன்/ச.மி.மீ. என்று கொண்டால், மெலிவு விகிதம் 100-க்கு 197 நியூட்டன்/ச.மி.மீ.; 200-க்கு 49. எஃகின் இளகு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250-ஆ 350-ஆ என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. நீண்ட உறுப்பில் உயர்தர எஃகு வாங்கிப் போட்டும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

உண்மையான உறுப்பு நேராகவும் இருக்காது, உருட்டும்போதும் வெல்டிங்கின்போதும் எஞ்சிய தகைவுகள் இல்லாமலும் இருக்காது. அதனால் இந்திய எஃகுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800:2007 நான்கு பக்கிளிங் வளைகோடுகளைத் தருகிறது. ஆங்கிள்களும், பல துண்டுகளைச் சேர்த்து ஆக்கிய கட்டுமான உறுப்புகளும் விழும் 'சி' வகையில், இளகு வலிமை 250 உள்ள எஃகுக்கு, அனுமதிக்கும் வடிவமைப்புத் தகைவு மெலிவு விகிதம் 20-இல் 224; 90-இல் 121; 180-இல் 43.6, 200-இல் 36.3.

ஹார்ட்ஃபர்டின் நீளங்களை இதில் வைத்துப் பார்க்கலாம். விளக்கத்துக்காகச் சுழற்சி ஆரம் 50 மி.மீ. என்று நானே எடுத்துக்கொள்கிறேன். இது அந்தக் கூரையின் அளவு அல்ல. 15 அடி என்பது 4,570 மி.மீ.; மெலிவு விகிதம் 91. 30 அடி என்றால் 9,140 மி.மீ.; விகிதம் 183. முதல் கணக்கில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஏறக்குறைய 120 நியூட்டன் தாங்கும். இரண்டாவதில் 42. உறுப்பு அதேதான், எஃகு அதேதான், எடை அதேதான். நடுவில் ஒரு பிடிமானம் இருக்கிறதா இல்லையா என்ற ஒன்று மட்டும் வலிமையை மூன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது. இன்னும் மெலிந்த உறுப்புகளில் இது நான்கில் ஒரு பங்கை நெருங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 183 என்ற எண், அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் விதிநூல் அன்று வைத்திருந்த 200 என்ற வரம்புக்குள்தான் வருகிறது. அதாவது இந்தக் கற்பனை உறுப்பு, மெலிவு வரம்புச் சோதனையில் இரண்டு நீளங்களிலும் தேறிவிடுகிறது. வரம்பு எச்சரிக்கவில்லை. ஹார்ட்ஃபர்டிலோ நிலைமை இதைவிட மோசம்: கட்டுமான உறுப்புகள் சிலவற்றின் மெலிவு விகிதம் அமெரிக்க விதிநூலையே மீறியிருந்தது என்றும் விசாரணையில் வெளிவந்தது.

200 என்ற எண்ணுக்குப் பின்னால் பக்கிளிங் கோட்பாடு எதுவும் இல்லை. 199-க்கும் 201-க்கும் இடையில் எஃகு எந்த முடிவும் எடுப்பதில்லை. வலிமைக் குறைவை வளைகோடு ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டது. வரம்பு வைத்ததன் காரணங்கள் வேறு: மிக மெலிந்த உறுப்பு லாரியில் ஏற்றி இறக்கும்போதே வளைந்துவிடும், சொந்த எடையிலேயே தொய்யும், காற்றில் அதிரும், சின்னக் கோணல்கூட அதில் பெரிய விளைவைத் தரும். இது அனுபவத்தில் பழுத்த தீர்ப்பு. அதனால்தான் அமெரிக்க விதிநூல் பிற்காலத்தில் 200-ஐக் கட்டாயத்திலிருந்து நீக்கி, தாண்டாதிருப்பது நல்லது என்ற அளவில் வைத்துவிட்டது. நம் ஐ.எஸ். 800, நிலைச்சுமையும் (கட்டிடத்தின் சொந்த எடை) பயன்சுமையும் தாங்கும் அழுத்த உறுப்புகளுக்கு 180, காற்று அல்லது நில அதிர்வால் மட்டும் அழுத்தம் காணும் உறுப்புகளுக்கு 250 என்று கட்டாய அட்டவணையாகவே வைத்திருக்கிறது. நான் நம்முடைய கட்டாயத்தையே ஆதரிக்கிறேன். நம் பட்டறைகளில் உறுப்பு நேராக இருக்கிறதா என்று சோதிக்கப்படும் விதத்தைப் பார்த்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். ஆனால் வரம்புக்குள் வந்துவிட்டது என்பதால் வலிமைக் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

பிடிமானம் எங்கே போனது

மெலிவு விகிதத்தில் கீழே இருக்கும் சுழற்சி ஆரம், எஃகு அட்டவணைப் புத்தகத்திலிருந்து வருகிறது. அதில் தவறு வர வாய்ப்புக் குறைவு. மேலே இருக்கும் நீளம் அப்படியல்ல. அது வடிவமைப்பாளர் செய்யும் அனுமானம். இந்த இடத்தில் இந்த உறுப்பு பக்கவாட்டில் நகராது என்று அவர் எழுதித் தருகிறார். அந்த உறுதியை நிறைவேற்ற வேண்டியது வேறொரு உறுப்பும் ஒரு இணைப்பும்.

ஹார்ட்ஃபர்டின் கணினி மாதிரியில், மேல் அடுக்கின் எல்லா உறுப்புகளும் 15 அடிக்கு ஒருமுறை பிடிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. கட்டியதில் என்ன இருந்தது?

விளிம்பு உறுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தின் மூலைவிட்டங்களும் சேர்ந்து ஒரு தலைகீழ்ப் பிரமிடு போல அமைகின்றன. மேல் உறுப்பு அந்தப் பிரமிடின் ஒரு பக்கத்து விளிம்பு. அதன் நடுப்புள்ளியைப் பிடிக்கும் துணை மூலைவிட்டங்கள், அதே பக்கத்தின் சாய்ந்த தளத்துக்குள்தான் கிடக்கின்றன. ஆகவே அந்தத் தளத்துக்குள் நடுப்புள்ளி நகர முடியாது. தளத்துக்குச் செங்குத்தான திசையில் தடுக்க எதுவுமில்லை. கூரையின் உள்பகுதியில் ஒவ்வொரு மேல் உறுப்புக்கும் இருபுறமும் பிரமிடுகள் உண்டு. இரண்டு வெவ்வேறு சாய்தளங்கள் கிடைப்பதால் இரு திசையிலும் பிடிப்பு வருகிறது. விளிம்பிலோ வெளிப்புறத்தில் பிரமிடு இல்லை. ஒரே ஒரு தளம்தான். ஆக, விளிம்பு உறுப்புகள் ஒரு திசையில் 15 அடியாகவும், மற்றொரு திசையில் 30 அடியாகவும் இருந்தன. பக்கிளிங் எப்போதும் வலுவற்ற திசையைத்தான் தேடிப் போகும்.

ஒரு காகிதத்தில் நான்கு கோடு போட்டுப் பார்த்தாலே புலப்படும் வடிவியல் இது. கணினி இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் யாரும் அதனிடம் கேட்கவில்லை. சுமைக்கு நேர்விகிதமாகவே எல்லாம் மாறும் என்று கொள்ளும் அன்றைய நேர்கோட்டுப் பகுப்பாய்வு, உறுப்புகளில் வரும் விசையைச் சொல்லும். அந்த விசையைத் தாங்கும் திறனைக் கணக்கிட எந்த நீளம் என்பதை மனிதர்தான் உள்ளிட வேண்டும். இன்றைய மென்பொருள்களிலும் பயன்படு நீளக் குணகத்தையும் பிடிமானமற்ற நீளத்தையும் பெரும்பாலும் நாம்தான் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் அது தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்தத் தானியங்கி எண்ணை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

உள்பகுதி உறுப்புகளுக்குப் பிடிப்பு இருந்தது, ஆனால் போதவில்லை. காரணம் இணைப்பு. துணை மூலைவிட்டங்கள் மேல் உறுப்பின் மையக்கோட்டில் சேராமல், சற்றுக் கீழே தொங்கும் தகட்டில் சேர்ந்தன. மேல் உறுப்பு பக்கவாட்டில் தள்ளும்போது, அந்தத் தகடு வளைந்து கொடுக்கும், உறுப்பு நகரும். பிடிமானம் இருக்கிறது, ஆனால் அது ஸ்பிரிங் போல நெகிழ்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரு பிடிமானம் உள்ள அழுத்த உறுப்பு, அந்தப் பிடிமானப் புள்ளியில் நகராமல் இரண்டு பாதிகளாக மட்டும் வளைய வேண்டுமென்றால், பிடிமானத்தின் விறைப்பு குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? நடுவில் கீல் இருப்பதாகக் கொண்டு சமநிலை எழுதினால் விடை எளிது: அழுத்த விசையின் நான்கு மடங்கை மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். பொறியியல் பேராசிரியர் ஜார்ஜ் வின்டர் 1958-இல் இந்த வழியைப் பிரபலப்படுத்தினார். உறுப்பில் ஆரம்பக் கோணல் இருக்கும் என்பதால் நடைமுறையில் இதன் இரு மடங்காவது வேண்டும். 1,000 கிலோநியூட்டன் அழுத்தம், 9.14 மீட்டர் நீளம் என்றால், இரு மடங்கோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 875 கிலோநியூட்டன். அதாவது ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு ஒரு கிலோநியூட்டனுக்கும் சற்றுக் குறைவு.

இது பெரிய எண்ணே அல்ல. 3 மீட்டர் நீளமுள்ள 50க்கு 50க்கு 6 ஆங்கிள் ஒன்றை நேராக இழுத்தாலோ தள்ளினாலோ, அது மில்லிமீட்டருக்கு 38 கிலோநியூட்டன் விறைப்பு தரும். தேவையைப்போல் 40 மடங்குக்கும் மேல். பிடிமானம் மலிவான பொருள்; அதை நேர்விசையாகச் செயல்பட வைத்தால் கைநிறையக் கிடைக்கும். ஆனால் அந்த விசை ஒரு தகட்டை வளைத்துத்தான் போக வேண்டும் என்று இணைப்பை அமைத்துவிட்டால், அந்த 38 கைக்கு வராது. தகட்டின் வளைவு விறைப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மிஞ்சும். ஆங்கிளின் அளவை எவ்வளவு கூட்டினாலும் இது மாறாது. ஹார்ட்ஃபர்டில் சில அங்குல இடைவெளி செய்த வேலை இது.

சிலுவை வடிவத்தின் தனிச்சிக்கல்

பின்னர் லூமிஸ் அண்ட் லூமிஸ் என்ற நிறுவனமும் தனியாக ஆராய்ந்தது. வடிவமைப்பில் பெரும்பிழை என்பதில் அவர்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் உறுப்புகள் பக்கவாட்டில் வளைந்ததைவிட, தம் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டதே முதற்காரணம் என்றார்கள். இரண்டில் எது முந்தியது என்பதைவிட, இந்த வாதம் மெலிவு விகிதத்தின் எல்லையைக் காட்டுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மெலிவு விகிதம் வளைவுப் பக்கிளிங்கை மட்டுமே அளக்கும். சிலுவை வடிவத்துக்கு முறுக்குப் பக்கிளிங் என்று இன்னொரு வழி திறந்திருக்கிறது. அதன் தகைவு, எஃகின் சறுக்குக் குணகத்தை ஆங்கிள் காலின் தடிப்புக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய கிடைக்கும். சமன்பாட்டில் நீளம் வருவதே இல்லை. கால் அகலம் தடிப்பைப்போல் 15 மடங்கு என்றால் 342 நியூட்டன்/ச.மி.மீ. ஆய்லர் தகைவு இதே அளவுக்கு வருவது மெலிவு விகிதம் 76-இல். அதற்குக் கீழே எந்த விகிதம் வைத்தாலும் முறுக்கமே முந்திக்கொள்ளும். பிரேசிங்கை, அதாவது பக்கவாட்டுப் பிடிமான உறுப்புகளை நெருக்கி, மெலிவு விகிதத்தை 40-க்குக் கொண்டுவந்தும் ஒரு பலனும் இராது. குழாய் வடிவத்துக்கு இந்தத் தொல்லை நடைமுறையில் கிடையாது; ஐ-வெட்டுக்கும் குறைவு. ஸ்பேஸ் ஃபிரேம்களில் குழாய் விரும்பப்படுவதற்கு இது வலுவான காரணம்.

இடைத்தகடுகளும் உதவவில்லை. சில உறுப்புகளில் அவை மிகத் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. நான்கு ஆங்கிள்களும் ஒரே உறுப்பாக வேலை செய்யாமல், இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒவ்வொரு ஆங்கிளும் தனியாகப் பிதுங்க வழி ஏற்பட்டது. மொத்த உறுப்பின் மெலிவு விகிதம் அப்போது வெறும் தாள்கணக்கு. ஐ.எஸ். 800 பேட்டன் தூண்களில் (பாகங்களைக் குறுக்குத் தகடுகளால் இணைத்தவை) தனி உறுப்பின் மெலிவு விகிதம் 50-ஐயும், முழுத் தூணின் விகிதத்தில் 0.7 பங்கையும் தாண்டக்கூடாது என்பதும், முழுத் தூணின் விகிதத்தை 10 சதவீதம் கூட்டியே கணக்கிட வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

இவற்றோடு, நிலைச்சுமையே 20 சதவீதத்துக்கும் மேல் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது.

ஐந்தாண்டுகள் எப்படி நின்றது

செட்லின் அறிக்கையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்கள் மூன்று. கிழக்கு, மேற்கு விளிம்புகளின் மேல் உறுப்புகள் 852 சதவீத மிகைச்சுமையில் இருந்தன. வடக்கு, தெற்கு விளிம்புகளில் 213 சதவீதம். உள்ளே கிழக்கு மேற்காக ஓடிய அழுத்த உறுப்புகள் 72 சதவீதம். நீளம் இரட்டித்ததால் மட்டும் திறன் நான்கில் ஒன்றுக்குக் கீழே போகாது. ஆகவே 852 என்ற எண்ணைப் பிடிமானக் குறைவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. மற்ற பிழைகளும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட கூரை 1973 ஜனவரியில் முடிந்து 1978 வரை நின்றது என்பதுதான் பலருக்கும் நம்ப முடியாத பகுதி. எனக்கு இதுவே பாடத்தின் ஆழமான இடம். ஸ்பேஸ் ஃபிரேம் விசையைக் கடத்தப் பல வழிகள் கொண்ட அமைப்பு. ஓர் உறுப்பு வளைந்தால் உடனே அது பூஜ்யமாகிவிடுவதில்லை. ஒரு பங்கு சுமையை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து உறுப்புகளுக்குத் தள்ளிவிடும். அவையும் நிரம்பியதும் அடுத்த வரிசைக்குப் போகும். செட்லின் குழுவின் முடிவு, கூரை கட்டி முடித்தபோதே உடையத் தொடங்கிவிட்டது என்பது. ஒவ்வொரு குளிர்காலப் பனியும் இந்த நகர்வை ஒரு படி உள்ளே தள்ளியது. 1978-இன் பனி மிச்சமிருந்த கடைசி வழியை அடைத்தது.

அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாமலும் இல்லை. கூரையைத் தரையிலேயே பூட்டி, ஜாக்கிகளால் மேலே ஏற்றினார்கள். தரையில் பூட்டும்போதே, சில கணுக்களில் தொய்வு அதிகம் என்று ஆய்வு நிறுவனம் வடிவமைப்பாளர்களிடம் தெரிவித்தது. ஏற்றி முடித்து அளந்தபோது தொய்வு கணித்ததைப்போல் இரு மடங்கு. கணக்கில் எளிமைப்படுத்தல்கள் இருப்பதால் இவ்வளவு வேறுபாடு எதிர்பார்க்கக்கூடியதே என்று பதில் வந்தது. பிறகு ஓரப் பலகைகளைப் பொருத்த வந்த ஒப்பந்தக்காரருக்கு, கூரை விளிம்பு கோணியதால் தாங்கிகள் பொருந்தவே இல்லை. தாமதத்துக்கு நீதான் பொறுப்பு, எப்படியாவது பொருத்து என்று சொல்லப்பட்டது. அவர் சிலவற்றை வெட்டி, சிலவற்றை வெல்ட் செய்து பொருத்தினார். கட்டுமானத்தைக் கண்காணிக்கத் தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைக்கலாம் என்ற யோசனையும் செலவைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்டது.

இரு மடங்கு தொய்வு என்பது சாதாரணச் செய்தி அல்ல. நேர்கோட்டு எல்லைக்குள் வேலை செய்யும் எஃகுச் சட்டகத்தில் 10, 15 சதவீத வேறுபாடு வரலாம். போல்ட் துளைகளின் தளர்வால் இன்னும் சற்றுக் கூடலாம். இரு மடங்கு என்றால், மாதிரியில் இருக்கும் விறைப்பில் பாதி கட்டிடத்தில் இல்லை என்று பொருள். எந்தப் பாதி என்று தேடியிருந்தால், விளிம்பு உறுப்புகளில் போய் நின்றிருக்கும். தொய்வை அளந்து கணிப்போடு ஒப்பிடுவது, மெலிவு விகிதத்தில் எழுதிய நீளம் உண்மையா என்று கட்டிடத்தையே கேட்பதற்கு நம்மிடம் இருக்கும் மலிவான வழி. அந்த அரங்கில் கட்டிடம் பதில் சொல்லியும் விட்டது.

கியூபெக்கின் உறுப்பு

1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலம் விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். இங்கே குறிப்பிடக் காரணம், அதன் கீழ் நாணில், அதாவது சட்டகத்தின் கீழ் ஓரமாக ஓடும் வரிசையில் இருந்த ஏ9எல் என்ற உறுப்பு. பருமனான கட்டுமான உறுப்பு அது. மொத்தமாகப் பார்த்தால் மெலிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் பாகங்களைச் சேர்த்துப் பிடித்த லேசிங் கம்பிகளும் ரிவெட்டுகளும் மிகப் பலவீனமாக இருந்தன. பாலத்தின் நடுக்கண் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டபோது சொந்த எடை சரிவரத் திருத்தப்படவும் இல்லை. விழுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த உறுப்பு இரண்டேகால் அங்குலம் கோணியிருந்தது. ஒரு வாரம் முன்பு அது முக்கால் அங்குலம். லேசிங் கொடுக்கும்போது அழுத்த விசையில் 2.5 சதவீதத்தைக் குறுக்கு விசையாக எடுக்கச் சொல்லும் இன்றைய விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏ9எல் நினைவுக்கு வரும்.

நம் ஷெட்களுக்கு வந்தால்

ஹார்ட்ஃபர்ட் அளவிலான ஸ்பேஸ் ஃபிரேமை நம்மில் பெரும்பாலோர் தொடப்போவதில்லை. ஆனால் தொழிற்பேட்டைகளிலும் நெல் சேமிப்புக் கிடங்குகளிலும் திருமண மண்டபங்களிலும் ஆங்கிள் டிரஸ் (முக்கோணங்களாகப் பின்னிய சட்டகம்) கூரைகளை நாள்தோறும் வரைகிறோம். அதே கேள்வி அங்கே இரண்டு இடங்களில் வருகிறது.

ஒன்று, டிரஸ்ஸின் மேல் ஓரமாக ஓடும் மேல் நாண். டிரஸ்ஸின் தளத்துக்கு வெளியே அதன் பயன்படு நீளம், பர்லின் (டிரஸ்களின் மேல் குறுக்காக ஓடிக் கூரைத் தகட்டைத் தாங்கும் உறுப்பு) இடைவெளி என்று எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு பர்லினும் மேல் நாணைப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பர்லின் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? எல்லா டிரஸ்களின் மேல் நாண்களும் ஒரே பக்கமாக வளையத் தொடங்கினால், பர்லின்கள் அவற்றோடு சேர்ந்து நகரும், ஒன்றையும் தடுக்காது. கூரைத் தளத்தில் குறுக்கு பிரேசிங் கொடுத்து, அதைச் சுவர் பிரேசிங் வழியாக அஸ்திவாரம் வரை இறக்கிய கட்டங்கள் இருந்தால்தான் பர்லின் பிடிமானம் ஆகும். அந்தக் குறுக்கு பிரேசிங் கணக்கில் விசையே வராத உறுப்பு போலத் தெரியும். செலவு குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். அதை வெட்டும் நாளில், எல்லா மேல் நாண்களின் மெலிவு விகிதமும் மாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. பர்லினைக் கிளீட் ஆங்கிள் வைத்து இரண்டு போல்ட் போட்டுப் பிணைக்காமல், கொக்கி போல்ட்டில் மட்டும் உட்கார வைத்தாலும் இதே கதைதான்.

மற்றொன்று, கீழ் நாண். நிலைச்சுமையிலும் பயன்சுமையிலும் அது இழுவிசை உறுப்பு. யாரும் பக்கிளிங் பார்ப்பதில்லை. சென்னையில் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகம் தரும் அழுத்தம், மற்றக் குணகங்களைச் சேர்க்கும் முன், சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். தகரக் கூரையும் பர்லினும் சேர்ந்த எடை அதில் கால் பங்கை எட்டுவதே அரிது. மேல்நோக்கிய உறிஞ்சல் வென்றுவிட்டால் கீழ் நாண் அழுத்தத்துக்குப் போகிறது. அதன் பக்கவாட்டுப் பிடிமானமோ, கீழ் நாண்களை இணைக்கும் டை ஆங்கிள்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே மட்டும். 20 மீட்டர் டிரஸ்ஸில் நடுவில் ஒரே ஒரு டை என்றால் நீளம் 10 மீட்டர்.

ஐ.எஸ். 800-இன் அட்டவணை 3-ஐத் திறந்தால், காற்றால் மட்டும் அழுத்தம் வரும் உறுப்புக்கு 250 வரம்பு. இழுவிசை மட்டும் தாங்கும் டையாகவே செயல்பட்டு, அழுத்தத்தில் பயன்படாது என்று கொள்ளும் உறுப்புக்கு 350. இந்த 350 நம் அலுவலகங்களில் தவறாகப் பயன்படும் எண். விசை திரும்பும்போது அந்தக் கீழ் நாண் இல்லாமலே கூரை நிற்கும் என்று காட்டியவருக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண டிரஸ்ஸில் கீழ் நாணை எடுத்துவிட்டால் டிரஸ்ஸே இல்லை. எனவே 250. அங்கேயும் நிற்க வேண்டாம்: 'சி' வளைகோட்டில் மெலிவு விகிதம் 250-க்கு வடிவமைப்புத் தகைவு 24 நியூட்டன்/ச.மி.மீ. மட்டுமே. இழுவிசைக்கு 227 கொடுக்கும் அதே ஆங்கிள், திரும்பும் விசையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தரும். வரம்பு தேறியது, வலிமை பார்க்க வேண்டியது இனிமேல்தான்.

வரைபடத்தில் இதற்கு ஒரு வழக்கம் உதவும். ஒவ்வொரு அழுத்த உறுப்புக்கும் இரண்டு திசைகளிலும் எடுத்த பிடிமானமற்ற நீளத்தை உறுப்பு அட்டவணையிலேயே எழுதி, அந்தப் பிடிமானத்தைத் தரும் உறுப்பின் எண்ணையும் பக்கத்தில் குறித்துவிடுவது. பட்டறைக்காரர் ஒரு டையை எடுத்துவிடலாமா என்று கேட்கும்போது, அது யாருடைய நீளத்தைப் பாதியாக்குகிறது என்று அதே தாளில் தெரியும். கூரை ஏற்றிய பிறகு நடுத்தொய்வை அளந்து, கணித்த எண்ணுக்கு எதிரே எழுத ஒரு காலிக் கட்டமும் அந்த அட்டவணையில் இருக்கட்டும்.